நாலு வாசல், நாலு சம்பளம்



வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்ஸ் படிப்புத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் அப்பாவுக்கு அரை மனசு. எனக்கு முக்கால் மனசு. படித்து முடித்தால் மாதம் என்ன சம்பளம் வரும் என்று விசாரித்துச் சொல்வீர்களா?"

கேள்வி என்னவோ ஒரு வரிதான். பதிலையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் வேறு ஏதாவது பேசலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

தங்கம் வாங்கப் போகிறீர்கள். பெரிய கடையோ சின்னக் கடையோ, அன்றைக்குக் கிராம் என்ன விலையோ அதுதான் விலை. செய்கூலி, சேதாரம் என்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாமும் விடாமல் பேரம் பேசிக் குறைப்போம். நர்ஸ் விஷயத்தில் தங்கத்தின் விலையே கடைக்குக் கடை மாறுகிறது! அதே படிப்பு, அதே பரீட்சை, அதே ஊசி, அதே இராக் கண்விழிப்பு. எந்த வாசல் வழியாக உள்ளே போனாள் என்பதைப் பொறுத்து ஒருத்திக்கு மூன்று பங்கு, இன்னொருத்திக்கு ஒரு பங்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது என் மாமியாரின் புண்ணியத்தால்.

போன வருஷம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்தெட்டு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மொத்தம் நாற்பது படுக்கை; எங்கள் மாடியில் பதினாலு. ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் அங்கேதான் வாசம். பகலில் மாடிக்கு இரண்டு நர்ஸ்கள். இரவில் ஒரே ஒரு பெண்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயசுதான் இருக்கும். பதினாலு படுக்கைக்கும் அவள் ஒருத்திதான். மணிக்கொரு தரம் ஒரு சுற்று வருவாள். படுக்கைப் புண் வரக்கூடாது என்று இரண்டு மணிக்கு ஒரு தடவை என் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைப்பாள். மாமியாரோ இலேசுப்பட்டவர் அல்ல. "என்னை ஏம்மா உருட்டுகிறாய்? நான் என்ன சப்பாத்தி மாவா?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டுப் போவாள்.

மூன்றாவது நாள் இரவு இரண்டரை மணி. வழக்கம்போல் திருப்ப வந்தவள், போர்வையை விலக்கிக் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு காலையும் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிற்று. "ஒரு கால் வீங்கியிருக்கு அம்மா, சூடாகவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், காலில் ரத்தம் கட்டியிருந்தது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆவது உண்டாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "நல்ல சமயத்தில் சொன்னாள்" என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்தார்கள், கண்டம் தாண்டிற்று.

அன்று இரவு அவள் வந்ததும் நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். பெண்களுக்கு வயசையும் சம்பளத்தையும் விசாரிக்காவிட்டால் தூக்கம் வருமா?

"பதிமூவாயிரம் அம்மா" என்றாள்.

எங்கள் வீட்டுப் பையன் பிரியமாகக் குடிக்கும் காப்பிக் கடையில் காப்பி ஆற்றுகிற பையனுக்கு அதைவிட ஜாஸ்தி. எனக்கு வாயடைத்துப் போயிற்று.

* * *

அவள் தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். படிப்பு முடித்த அன்று எடுத்தது. வெள்ளை உடுப்பில் ஐந்து பெண்கள், தோள்மேல் கை போட்டுக்கொண்டு. ஒரே வகுப்பு, ஒரே ஹாஸ்டல் அறை. "இவள் ஒருத்தி வெளிநாடு போய்விட்டாள். மிச்ச நாலு பேரும் இங்கேதான்" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அன்று கேட்டதையும், பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் வாசல், மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரி. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறதே, அந்த ரகம். போட்டோவில் இருந்த ஒருத்தி போட்டிப் பரீட்சை எழுதி அங்கே போய்விட்டாள். 2016-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு அமலுக்கு வந்த ஏழாவது சம்பளக் கமிஷன்படி, மத்திய சர்க்கார் நர்ஸுக்கு முதல் நாள் அடிப்படைச் சம்பளமே மாதம் 44,900 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்ஸ்களுக்கென்றே ஒரு தனிப்படி.

இரண்டாவது வாசல், நம் மாநில சர்க்கார். இங்கே ஒரு வாசலுக்குள் இரண்டு கதவு. நிரந்தர நர்ஸாக உள்ளே போனால் காலமுறைச் சம்பளம், லீவு எல்லாம் ஒழுங்காக உண்டு. ஒப்பந்த நர்ஸாகப் போனால் தொகுப்பூதியம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. பரீட்சை எழுதி மார்க் வாங்கித்தான் வந்தார்கள். யாருடைய சிபாரிசிலும் வரவில்லை. சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷம் போனால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷம் போயிற்று. நிரந்தரம் எல்லோருக்கும் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிறகு 7,700 என்பது 14,000 ஆயிற்று; அப்புறம் 18,000 ஆயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே பிரசவ அறையில் நிரந்தர நர்ஸும் ஒப்பந்த நர்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பிறக்கிற குழந்தைக்கு இரண்டு பேரில் யார் நிரந்தரம் என்று தெரியப் போகிறதா, என்ன?

மூன்றாவது வாசல், தனியார் ஆஸ்பத்திரி. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் கொஞ்சம் தாராளம். நாற்பது படுக்கை, இருபது படுக்கை நர்ஸிங் ஹோம்களில் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். நம் பெண் இருப்பது இந்த வாசலில்தான்.

நாலாவது வாசல், நம் வீட்டு வாசல். போட்டோவில் ஓரமாக நின்ற பெண் ஓர் ஏஜென்சி மூலமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாள். நாள் கணக்கில் கூலி. கேட்டால், கைக்கு வருவது மூன்றாவது வாசலைவிட ஜாஸ்தி போலக்கூடத் தோன்றும். ஆனால் லீவு கிடையாது, பி.எப். கிடையாது. அதோடு ஒரு விசித்திரம்: நோயாளி எழுந்து நடந்துவிட்டால் அன்றோடு அவளுக்கு வேலை போய்விடும். அடுத்த வீடு கிடைக்கும் வரையில் வருமானம் இல்லை. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் வேலை காலி! உலகத்தில் வேறு எந்த உத்தியோகத்தில் இப்படி ஒரு தண்டனை உண்டு, சொல்லுங்கள்?

* * *

ஏன் இப்படி?

சர்க்கார் வாசலில் சம்பளத்தைக் கமிஷன் நிர்ணயிக்கிறது, கஜானா கொடுக்கிறது. தனியார் வாசலில் நிர்ணயிப்பது சந்தை. சந்தை என்றால் கத்தரிக்காய்ச் சந்தைதான், சந்தேகம் வேண்டாம். வருஷந்தோறும் படித்துவிட்டு வருகிற பெண்கள் ஏராளம். சர்க்கார் வேலை கொஞ்சம். வெளிநாடு போகவும், பெரிய ஆஸ்பத்திரியில் சேரவும் "இரண்டு வருஷ அனுபவம்" கேட்கிறார்கள். அந்த அனுபவச் சான்றிதழுக்காக எந்தச் சம்பளம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். சில இடங்களில் அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் இருந்தால்தான் திருப்பித் தருவோம்" என்று சொல்வதும் நடந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு நாமும் உடந்தை. நர்ஸ் வேலை தெய்வத் தொண்டு, தாய் மாதிரி, விளக்கேந்திய சீமாட்டி என்றெல்லாம் புகழ்கிறோம். மே 12-ஆம் தேதி வந்தால் மெழுகுவத்தி ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த விளக்கேந்திய சீமாட்டி புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1853-இல் லண்டனில் முதன்முதலாக ஓர் ஆஸ்பத்திரிக்கு மேற்பார்வையாளராகப் போனபோது சம்பளமே வாங்கவில்லை. வாஸ்தவம். ஆனால் அவர் அப்பா வருஷத்துக்கு 500 பவுன் கொடுத்துக்கொண்டிருந்தார்! அந்தக் காலத்தில் அது பெரும் பணம். நம் பதிமூவாயிரம் ரூபாய்ப் பெண்ணுக்கு அப்பா பணம் அனுப்பவில்லை. அவள்தான் அப்பாவுக்கு அனுப்புகிறாள்.

சரி, மூன்றாவது வாசலில் நம் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். டிஸ்சார்ஜ் ஆன அன்று பில்லை வாங்கி நிதானமாகப் படித்தேன். அறை வாடகை, டாக்டர் பீஸ், மருந்து, பஞ்சு, கையுறை எல்லாம் தனித்தனியே இருந்தன. நடுவில் "நர்ஸிங் சார்ஜ், நாள் ஒன்றுக்கு 600 ரூபாய்" என்று ஒரு வரி. மளிகைக் கணக்குப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? பில்லின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன்.

பதினாலு படுக்கையில் சராசரியாகப் பத்து நிறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேர், ஆளுக்கு 600, முப்பது நாள்: மாதம் 1,80,000 ரூபாய். காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர், இரவில் ஒருத்தி, வார லீவுக்கு மாற்று ஒருத்தி. ஆக ஆறு நர்ஸ்கள். ஆளுக்கு 13,000 என்றால் 78,000 ரூபாய். நர்ஸுக்கென்று நாம் கொடுத்ததில் பாதிகூட நர்ஸுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் செலவு உண்டு. மின்சாரம், கட்டடம், மிஷின்களின் கடன் தவணை எல்லாம் இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு அறை வாடகை, ஆபரேஷன் தியேட்டர் வாடகை என்று தனி வரிகள் இருக்கின்றனவே!

* * *

இந்த அநியாயத்தைக் கேட்பார் இல்லையா என்றால், கேட்டிருக்கிறார்கள்.

டில்லி போலீஸில் கார் ஓட்டிய ஒரு டிரைவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். "மற்ற சர்க்கார் இலாகாக்களில் கார் ஓட்டுகிறவர்களுக்கு என்னைவிட அதிகச் சம்பளம். சக்கரம் எல்லாம் ஒரே மாதிரிதானே சுற்றுகிறது?" என்பதுதான் அவர் வழக்கின் சாரம். ரண்தீர் சிங் வழக்கு என்று அதற்குப் பெயர். சமவேலைக்குச் சமசம்பளம் என்பது நம் அரசியல் சட்டத்தின் லட்சியம் என்று 1982-இல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. 2016 அக்டோபரில் வேறொரு வழக்கில், தாற்காலிக சர்க்கார் ஊழியர்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று சொல்லிற்று. ஆனால் இவையெல்லாம் சர்க்கார் வாசலைப் பற்றிய தீர்ப்புக்கள்.

தனியார் வாசலைப் பற்றி, இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரி 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மத்திய சர்க்காரைப் பார்த்து, "ஒரு கமிட்டி போட்டு விசாரியுங்கள்" என்றது. கமிட்டியும் அந்த வருஷமே சிபாரிசு செய்தது. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் நிதானமாகச் சொல்கிறேன்.

200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், அந்த மாநில சர்க்கார் நர்ஸுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். 100 படுக்கைக்கு மேல் இருந்தால், அதைவிடப் பத்துச் சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை இருந்தால், இருபத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. உதாரணமாக, சர்க்கார் நர்ஸ் 40,000 வாங்குகிறாள் என்றால், வரிசையாக 40,000, 36,000, 30,000, கடைசியில் 20,000.

சிபாரிசிலும் படிக்கட்டு இருக்கிறது, பார்த்தீர்களா? சின்ன ஆஸ்பத்திரியில் நோய் சின்னதாகவா வருகிறது? ஆனாலும் அடிப்படிக்கு ஒரு தரையாவது போட்டார்கள். சிக்கல் என்னவென்றால், இது சிபாரிசு, சட்டம் அல்ல. மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. நிறைவேற்ற வேண்டியது மாநிலங்களின் பொறுப்பு.

பக்கத்துக் கேரளத்தில் நர்ஸ்கள் சும்மா இருக்கவில்லை. 2017-இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2018 ஏப்ரலில் அந்த மாநில சர்க்கார், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸின் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. ஆக, மனம் வைத்தால் நடக்கிற காரியந்தான்.

"எல்லாம் சரி அம்மா, சம்பளத்தை ஏற்றினால் நம் தலையில்தானே வந்து விடியும்? இப்போதே பில்லைப் பார்த்தால் மயக்கம் வருகிறது" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மறுபடியும் பில்லின் பின்பக்கத்துக்கு வாருங்கள்.

13,000-ஐ 20,000 ஆக்க, ஆளுக்கு 7,000 வேண்டும். ஆறு பேருக்கு 42,000. பத்து நோயாளிகள், முப்பது நாள் என்றால் முந்நூறு படுக்கை நாள். 42,000-ஐ முந்நூறால் வகுத்தால் 140 ரூபாய். ஆஸ்பத்திரி தன் கையிலிருந்து ஒரு காசும் போடாமல், முழுவதையும் நம் தலையிலேயே கட்டினாலும், நாள் ஒன்றுக்கு 140 ரூபாய்தான் கூடும். என் மாமியாருக்கு நான் தினம் வாங்கிக் கொடுத்த இரண்டு இளநீரின் விலை! அவர் அதையும் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பொது ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒரு நர்ஸ். எங்கள் மாடியில் இரவில் பதினாலு படுக்கைக்கு ஒருத்தி. சம்பளம் குறைந்தால் நிலைத்து இருக்க மாட்டார்கள். நிலைத்து இல்லாவிட்டால் மிச்சம் இருப்பவர்களுக்குப் பாரம். ஆறு வாரம் கழித்து மாமியாரைச் செக்கப்புக்கு அழைத்துப் போனபோது, ஒரு புடவையும் ஒரு டப்பா மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடினேன். இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். இரண்டாயிரம் ரூபாய் ஜாஸ்தியாம். அந்த மாடியில் புதிதாக ஒரு பெண் நின்றாள். வந்து நாலு நாள் ஆயிற்று என்றாள். அன்று இரவு அங்கே படுத்திருந்த பதினாலு பேரில் யாருடைய கெண்டைக்காலாவது வீங்கியிருந்தால், அவளுக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றியிருக்குமா? நாலு நாள் அனுபவத்தில் தோன்றாவிட்டால் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

* * *

"மேலே மேலே படித்தால் இந்த வித்தியாசம் போய்விடாதா?" என்று கடிதம் எழுதிய வாசகி கேட்கலாம்.

அமெரிக்காவில் 1965-இல் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா போர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு புதுப் பயிற்சியை ஆரம்பித்தார்கள். அதில் தேறியவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர். நோயாளியைத் தாங்களே பரிசோதிப்பார்கள். இன்ன நோய் என்று சொல்வார்கள். மருந்தும் எழுதிக் கொடுப்பார்கள். சாதாரண நர்ஸைவிடச் சம்பளம் நன்றாகவே உண்டு. ஆனால் அங்கேயும் வாசல் வித்தியாசம் விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு ஒரு சம்பளம். டாக்டரின் கிளினிக்கில் இருப்பவருக்கு ஒரு சம்பளம். கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு அவர்களைவிடக் குறைவு. கற்றுக்கொடுக்கிறவருக்குக் குறைவு, கற்றுக்கொண்டவருக்கு அதிகம்!

இதில் ஒரு வேடிக்கை. வயசானவர்களுக்கென்று அந்த நாட்டு சர்க்கார் நடத்தும் மெடிகேர் என்ற இன்ஷூரன்ஸ் 1998-இலிருந்து, டாக்டர் பார்த்தால் கொடுக்கிற தொகையில் 85 சதவிகிதத்தைத்தான் நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்தால் கொடுக்கிறது. அதே அம்மாள் ஒரு டாக்டரின் கிளினிக்கில், அவருடைய மேற்பார்வையில் பார்த்து, சில விதிகளுக்கு உட்பட்டு டாக்டர் பெயரில் பில் போட்டால் நூற்றுக்கு நூறு! அதே இருமல், அதே ஸ்டெதாஸ்கோப், அதே மருந்து. வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை மாறினால் விலையும் மாறுகிறது.

நம் நாட்டிலும் இந்திய நர்ஸிங் கவுன்சில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம். படிக்கட்டும்; படிப்பு ஒரு நாளும் வீண் போகாது. ஆனால் படிப்பு உயர்வதும் சம்பளம் உயர்வதும் தாமாகவே ஒன்றாக நடந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டையும் ஒன்றாக நடத்திவைக்க யாராவது வேண்டும்.

* * *

ஆகவே, வாசகிக்கு என் பதில் இதுதான்.

பெண் ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள். 1946-லேயே டில்லியிலும் நம் வேலூரிலும் நர்ஸிங்குக்குப் பட்டப் படிப்பு வந்துவிட்டது. கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் சேரும்போதே நாலு விஷயம் பாருங்கள். பள்ளிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில், மாநிலக் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். கைக்கு எட்டுமானால் மூன்று வருஷ டிப்ளமாவைவிட நாலு வருஷப் பட்டம் மேல். படிக்கும்போதே சர்க்கார் போட்டிப் பரீட்சைக்குத் தயார் செய்யச் சொல்லுங்கள். முதல் வாசல் பரீட்சை எழுதினால்தான் திறக்கும். தனியாரிடம் சேர்ந்தால் சம்பளம், வேலை நேரம், லீவு, பி.எப். எல்லாம் எழுதிய நியமன உத்தரவை வாங்கிக்கொள்ளட்டும். அசல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவைக்க வேண்டாம், நகல் போதும்.

மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கேள்வி கேட்கிறோம். ஏ.சி. உண்டா, டி.வி. உண்டா, காண்டீனில் பொங்கல் கிடைக்குமா என்று. இனிமேல் இன்னும் இரண்டு கேளுங்கள். "இராத்திரியில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்?" என்று ஒன்று. "பில்லில் போடுகிற நர்ஸிங் சார்ஜில் நர்ஸுக்கு எவ்வளவு போகிறது?" என்று இன்னொன்று. முதல் தடவை முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு ஆள் வைக்கும்போது, ஏஜென்சிக்கு நாம் கொடுப்பதில் அந்தப் பெண்ணின் கைக்கு என்ன போகிறது என்பதையும் கேளுங்கள்.

நான் கேட்டேன். மாமியார் வீடு திரும்பியதும் இரண்டு மாதத்துக்கு ஒரு நர்ஸை வைத்துக்கொண்டோம். நாங்கள் ஏஜென்சிக்கு நாளுக்கு 1,200 கொடுத்தோம். அவளுக்குப் போனது 750. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் முதலில் கட்டில் வரை, பிறகு கூடம் வரை, அப்புறம் துளசி மாடம் வரை நடந்தார். ஒரு நாள் கைத்தடியோடு தனியாகவே வாசல் வரை போய், தெருவில் போகிற கீரைக்காரியிடம் பேரம் பேசிவிட்டு வந்தார். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அந்த வாரத்தோடு நர்ஸைக் கணக்குத் தீர்த்து அனுப்பினோம்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினதும் மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் அம்மா, நான் நடந்ததற்கு அவளுக்கு இதுதானா கூலி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன்.